பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் - ஒரு பாட்டாளிக் கவிஞன்

தமிழ் சினிமாப் பாடல்களில் உழைப்பாளியின் குரல் ஓங்கி ஒலித்த காலம் ஒன்று உண்டு. அதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவர் வாழ்ந்தது 29 ஆண்டுகள் மட்டுமே!

1930 ஏப்ரல் 13 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பல வேலைகள் செய்தார். தஞ்சை விவசாயிகளின் போராட்டங்களும் பொதுவுடைமை இயக்கமும் அவரை உருவாக்கின.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று மீனவர் குப்பங்கள் கடலோரம் அடுத்தடுத்து இருக்கும் புதுச்சேரிதான் அவருக்குத் தமிழ் கற்பித்த ஊர். அங்கே பாவேந்தர் பாரதிதாசனிடம் தங்கி யாப்பு பயின்றார். அவருடைய 'குயில்' இதழிலும் உதவியாக இருந்தார். பாவேந்தரும் 'பொன்முடி' (1950) போன்ற படங்களுக்கு எழுதியவர்தான். ஆனால் குருவின் நடை வேறு, சீடரின் நடை வேறு. பாவேந்தரிடம் இலக்கணம் கற்ற கல்யாணசுந்தரம், பாட்டை எழுதியது வயலில் பேசும் பேச்சுத் தமிழில்.

சினிமாவுக்கு முதலில் எழுதியது 'படித்த பெண்' படத்துக்கு. அது வெளிவந்தது 1956ல். அதே ஆண்டு வந்த 'பாசவலை' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 'கல்யாணப் பரிசு' (1959) படத்தின் பாடல்கள் எல்லாமே அவர் எழுதியவை.

'நாடோடி மன்னன்' (1958) படத்தில் வருவது ஒரு டூயட்தான். ஆனால் அதில் விளைச்சல் இருந்தும் உழைத்தவனுக்கு மிஞ்சுவது என்ன என்று பெண் கேட்கிறாள். நல்ல காலம் வரும் என்று ஆண் பதில் சொல்கிறான். காதல் பாட்டுக்குள்ளேயே நிலப் பிரச்சினை! மேடையில் பேசினால் கட்சிக்காரர்கள் மட்டும் கேட்கும் விஷயத்தை, கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கியவரும் முணுமுணுத்துக்கொண்டு வீடு போனார். இதுதான் அவருடைய சாதனை.

1959 அக்டோபர் 8 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருடைய மகன் கைக்குழந்தை. அவர் எழுதி வைத்த பாடல்கள் 'திருடாதே' (1961) போன்ற படங்களில் பிறகு வந்தன.

சினிமாவில் அவர் எழுதியது ஐந்தாறு ஆண்டுகள். ஆனால் உழைத்தவனுக்கு என்ன மிச்சம் என்ற அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டு பழையதாகாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.