காப்பாளரும் உழைச்செல்வாரும்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவத்தின் உறுப்புகள் நான்கெனக் கூறி, நோயுற்றவனை முதலிலும், அருகிருந்து துணைபுரியும் உழைச்செல்வானை இறுதியிலும் வைக்கின்றது. இம்முறையில் உற்றார் துணைவரே, உடையவர் அல்லர். உணர்விழந்த வயது வந்தோர்க்காக முடிவு செய்வார் யார் என்னும் வினாவை நம் நாட்டுச் சட்டம் எதிர்கொண்ட வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

'காவல்' என்னும் சொல் பேணுதலையும் சிறைப்படுத்தலையும் ஒருங்கே உணர்த்தும். காப்புச் சட்டத்தின் தொடக்கமும் அத்தகையதே. மனநோயாளர் பற்றி 1858-இல் மூன்று சட்டங்கள் தோன்றின. 34-ஆம் சட்டம் சென்னை முதலிய தலைநகரங்களின் உயர்மன்றங்கட்கும், 35-ஆம் சட்டம் அவற்றின் எல்லைக்குப் புறம்பான ஊர்கட்கும் உரியன. 36-ஆம் சட்டம் காப்பகங்களைப் பற்றியது. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த ஸ்ரீபெரும்புதூர் 35-ஆம் சட்டத்தின்பாற்பட்டது. அச்சட்டத்தின் தலைப்பே சொத்தைப் பேணுதலை முன்னிறுத்திற்று. நோயாளியின் உடல் பற்றிய கவலை பின்னதேயாம்.

1912-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. வாரிசாக வருவோரை நோயாளியின் காப்பாளராக்குதல் கூடாது. ஆக்குவதாயின் அது நோயாளிக்கு நன்மையே என்பதற்குரிய காரணத்தை எழுதி வைத்தல் வேண்டும். உறவு அன்பிற்கு மட்டுமன்றி ஆசைக்கும் இடமாதலைச் சட்டம் உணர்ந்திருந்தது என்க.

பின்வந்த சட்டங்கள் நோயாளியின் விருப்பத்தை நோக்கித் திரும்பின. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதம், புறவுலகச் சிந்தனையின்மை முதலியன உடையோர்க்கு மாவட்ட அளவிலான குழுவின் வழியே காப்பாளரை அமைத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் இருவரும் கூடி முடிவெடுக்கும் வரம்புடைய காப்பினை வகுத்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளி தாமே தெரிவுசெய்யும் பிரதிநிதியை ஏற்றது. உச்சநீதிமன்றமும் 2008-இல், மயக்கமருந்தின் கீழிருந்த வயது வந்த பெண்ணுக்கு, உயிர்க்கு உடனடி இடர் இல்லாத நிலையில், தாய் அளித்த இசைவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. முன்னரே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை 2018-இல் ஏற்று, அதன் நடைமுறையை 2023-இல் எளிதாக்கியது.

எனினும் கோமா என்னும் ஆழ்மயக்கத்தில் கிடப்போர்க்குத் தனிச்சட்டம் இல்லை. அவர் குழந்தையும் அல்லர், மனநோயாளரும் அல்லர். இவ்விடைவெளியை உயர்நீதிமன்றங்களே நிரப்பின. கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் நெறிமுறை வகுத்தது. 2024-இல் ஒரு மனைவி தம் கணவர்க்குக் காப்பாளராக வேண்டியபோது, உரிமையியல் மன்றத்தை நாடுக என்ற தனிநீதிபதியின் ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு நீக்கி, அவரையே காப்பாளராக்கிற்று. சொத்தை விற்க இசைந்த அமர்வு, 50 இலட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பாக்கவும் பணித்தது. 1912-இன் எச்சரிக்கை இவ்வாணையில் புதுவடிவம் பெற்றமை காண்க.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. இத்தகையோர் பலர்க்குப் பெற்றோர் தொலைவிலுள்ளனர். அவருள் ஒருவர் உணர்விழப்பின், உற்றார் ஊர்விட்டு வந்து உயர்நீதிமன்றப் படியேற வேண்டும். மனநோயாளர்க்காக 1858-இல் மாவட்ட மன்றமே போதுமாயிருந்தது. ஆதலின் அவ்வண்மையையும் 1912-இன் ஐயத்தையும் ஒருங்கே கொண்டதொரு சட்டம் இயற்றப்படுதல் இன்றியமையாதது. அதுவரை, உழைச்செல்வார்க்கு அன்பு இருந்தும் கையொப்ப உரிமை இல்லை.