வீட்டு ஒலிக்கூடத்தில் ஒலியளவை நிலைநிறுத்தல்

வீட்டு ஒலிக்கூடத்தில் ஒலியளவை நிலைநிறுத்தல் என்பது, மானிட்டர் ஸ்பீக்கர்களையும் ஹெட்போன்களையும் அளந்தறிந்த ஓர் ஆதார அளவில் வைத்து, வேலை முடியும்வரை அந்த அளவைக் காக்கும் முறை. கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதைப் போல, மிக்சிங் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. குரலுக்கும் தாளத்துக்கும் உள்ள விகிதம், பேஸின் கனம், எதிரொலியின் அளவு என எல்லாவற்றையும் முடிவு செய்வது காதுதான். அந்தக் காதோ, ஒலி கூடினால் ஒரு விதமாகவும் குறைந்தால் வேறு விதமாகவும் கேட்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரானாலும், ஒலியளவு நாளுக்கொரு விதமாக இருந்தால் அதில் எடுக்கும் முடிவுகளை நம்ப முடியாது.

செவியின் இயல்பு

மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் கேட்பதில்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அது மிகக் கூர்மையானது. தாழ்ந்த அதிர்வெண்களில் மந்தமானது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வரைகோடுகளாக வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகளால் திருத்தப்பட்ட அந்த வரைகோடுகள் இன்று ஐஎஸ்ஓ 226 என்ற பன்னாட்டுத் தரநிலையாக உள்ளன.

அவற்றின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் ஒலிக்கும் சுரத்துக்கு நிகராகக் கேட்க, 100 ஹெர்ட்ஸ் சுரத்துக்குச் சுமார் 64 டெசிபல் வேண்டும். இடைவெளி 24 டெசிபல். அதே 1,000 ஹெர்ட்ஸ் சுரம் 80 டெசிபலில் ஒலித்தால், 100 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 92 டெசிபல் போதும், இடைவெளி பாதியாகிவிடுகிறது. ஒலியைக் கூட்டும்போது பேஸ் தானாகவே நிறைந்து கேட்பதற்குக் காரணம் இதுதான். மிக மெதுவாக வைத்து மிக்ஸ் செய்பவர் பேஸைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுவார். மிகச் சத்தமாக வைப்பவரின் பாடல், கைபேசியில் கேட்கும்போது மெலிந்துபோகும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரே பாடலின் இரு வடிவங்களில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அதுதான் மேலானது என்று தோன்றும். எனவே எதையும் ஒப்பிடுமுன் இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்த வேண்டும்.

ஆதார அளவின் வரலாறு

திரைப்படத் துறையே இதில் முன்னோடி. பிங்க் நாய்ஸ் என்பது ஒவ்வொரு ஆக்டேவிலும் சம ஆற்றல் கொண்ட சோதனை இரைச்சல். 1970களில் டால்பி நிறுவனத்தின் முயற்சியால், குறிப்பிட்ட அளவிலான பிங்க் நாய்ஸ் ஒரு ஸ்பீக்கரிலிருந்து 85 டெசிபலாகக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் திரையரங்குகளிலும் மிக்சிங் அரங்குகளிலும் நிலைபெற்றது. ஓர் அரங்கில் கலந்த ஒலி மற்றோர் அரங்கிலும் அதே அளவில் கேட்க இது வழிசெய்தது. இசைத் துறையில் அமெரிக்க மாஸ்டரிங் பொறியாளர் பாப் கட்ஸ், 83 டெசிபலை அடிப்படையாகக் கொண்ட கே-சிஸ்டம் என்ற முறையை 2000ஆம் ஆண்டையொட்டி முன்வைத்தார்.

இந்த எண்கள் பெரிய அறைகளுக்கானவை. படுக்கையறை அளவிலான இடத்தில் ஸ்பீக்கர் அருகில் இருக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் உடனே காதை எட்டும். அதனால் அதே 83 டெசிபல் அங்கே தாங்க முடியாததாகிறது. சிறிய அறைகளுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 73 முதல் 76 டெசிபல் வரை பொருத்தமானது.

மானிட்டர் ஸ்பீக்கர்களை அமைத்தல்

ஸ்பீக்கரின் பின்புறம் உள்ள உள்ளீட்டு அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். தொழில்முறைக் கருவிகளின் அளவான +4 டிபியு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் அளவான −10 டிபிவி 0.316 வோல்ட். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 12 டெசிபல். இது பொருந்தாமல் இருந்தால், குமிழைச் சற்றுத் திருப்பியதுமே சத்தம் பாயும், அல்லது முழுவதும் திருப்பினாலும் போதாது.

பின்னர் கணினியின் வால்யூமை முழுமையாக வைத்து, எல்லா ஈக்வலைசர்களையும் அணைத்துவிட வேண்டும். −20 டிபிஎஃப்எஸ் சராசரி அளவுள்ள பிங்க் நாய்ஸை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கவிட வேண்டும். சில மீட்டர்கள் முழு அளவிலான சைன் அலையை 0 என்றும், சில −3 என்றும் காட்டுவதால், எந்த மீட்டரைப் பயன்படுத்தினோம் என்பதைக் குறித்து வைப்பது அவசியம்.

ஒலிமானியை உட்காரும் இடத்தில், காது உயரத்தில், ‘சி’ எடையிலும் ‘ஸ்லோ’ நிலையிலும் வைக்க வேண்டும். ‘ஏ’ எடை தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரிதும் கழித்துவிடுவதால் இங்கே உதவாது. ஆடியோ இன்டர்ஃபேஸின் குமிழை வசதியான ஓரிடத்தில் நிறுத்தி, ஸ்பீக்கரின் பின்புறக் குமிழை மெல்லத் திருப்பி, தேர்ந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த ஸ்பீக்கரையும் தனியாக இதே அளவுக்கு அமைக்க வேண்டும். இரண்டும் அரை டெசிபல் பிசகின்றி ஒத்தால்தான் குரல் நடுவில் நிற்கும். இறுதியில் இன்டர்ஃபேஸ் குமிழின் இடத்தை ஒட்டுத்தாளால் அடையாளமிட வேண்டும். அதுவே ஆதார அளவு.

ஒலிமானி இல்லாதவர் கைபேசிச் செயலியைப் பயன்படுத்தலாம். அது காட்டும் எண் சில டெசிபல் தவறக்கூடும். ஆனால் இரு ஸ்பீக்கர்களையும் சமப்படுத்தவும், நாளை அதே அளவுக்குத் திரும்பவும் போதுமானது.

ஹெட்போன்களை அமைத்தல்

ஹெட்போனைச் சாதாரண ஒலிமானியால் சரியாக அளக்க முடியாது. அதற்குச் செயற்கைச் செவி போன்ற ஆய்வகக் கருவி வேண்டும். வீட்டில் நம்பத்தக்க வழி, நிலைநிறுத்திய ஸ்பீக்கரோடு காதால் ஒப்பிடுவது. 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டிய பிங்க் நாய்ஸையோ, தனிக்குரலையோ ஸ்பீக்கரில் கேட்டு, உடனே ஹெட்போனில் கேட்டு, இரண்டும் ஒத்துவரும் இடத்தில் ஹெட்போன் குமிழை அடையாளமிடலாம். பேஸை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஸ்பீக்கரின் பேஸை உடலும் உணர்கிறது, ஹெட்போனில் அது இல்லை. இடது ஸ்பீக்கரின் ஒலி வலக் காதையும் எட்டும், ஹெட்போனில் எட்டாது. ஆகவே அளவு ஒத்தாலும் ஒலிவெளி ஒத்திராது.

மின்தடையும் உணர்திறனும் ஹெட்போனுக்கு ஹெட்போன் மாறுபடும். ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும் 250 ஓம் ஹெட்போனுக்கு, அந்த அளவை எட்ட 0.5 வோல்ட் வேண்டும். உச்சங்களில் 110 டெசிபல் தர சுமார் 2.5 வோல்ட் வேண்டும். பல கைபேசிகளால் இது இயலாது. மறுபுறம், 32 ஓம் ஹெட்போனை வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள இன்டர்ஃபேஸில் செருகினால் அதன் ஒலித்தன்மையே மாறக்கூடும். வெளியீட்டு மின்தடை, ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது.

செவிப் பாதுகாப்பு

அதிக ஒலியால் அழியும் உட்செவி மயிரணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியோஷ், ‘ஏ’ எடையில் 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் என வரையறுக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 டெசிபலுக்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு 15 நிமிடம். உலகச் சுகாதார அமைப்பு, தனிக் கருவிகளில் இசை கேட்பவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற வரம்பைப் பரிந்துரைக்கிறது.

ஆபத்து கூடுதலாக உள்ளது ஹெட்போனில். மின்விசிறி ஓசையையும் தெருச் சத்தத்தையும் வெல்ல, கை அறியாமல் குமிழைத் திருப்பிவிடும். காதை மூடும் ஹெட்போன் வெளிச்சத்தத்தைக் குறைப்பதால் குறைந்த அளவே போதும். காதில் இரைச்சல் கேட்டாலோ, பேச்சு மங்கலானாலோ, அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும். ஸ்பீக்கரைக் கடைசியில் இயக்கி முதலில் அணைப்பது, திடீர் வெடிப்பொலியிலிருந்து காதையும் கருவியையும் காக்கும்.

அண்டை வீடும் சட்டமும்

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. சுவர் வழியே எளிதில் கடப்பது பேஸ் என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு வேலைக்கு ஹெட்போனே உகந்தது; பேஸ் குறித்த முடிவுகளை மட்டும் பகலுக்கு ஒத்திவைக்கலாம்.

பராமரிப்பு

ஆதார அளவிலிருந்து ஒருபோதும் விலகக் கூடாது என்பதல்ல. குரல் தெளிவைச் சோதிக்க மிக மெதுவாகவும், பேஸைச் சோதிக்கச் சில நிமிடங்கள் சற்றுக் கூடுதலாகவும் கேட்பது நல்ல பழக்கம். சோதித்ததும் அடையாளத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்பீக்கர், நாற்காலி, இன்டர்ஃபேஸ், ஹெட்போன் ஆகியவற்றில் எது மாறினாலும் பழைய அடையாளம் செல்லாது. மீண்டும் அளந்தே தொடங்க வேண்டும்.