இயல்பு நோயெதிர்ப்பும் சிக்குன்குனியா வைரஸும்

இயல்பு நோயெதிர்ப்பு: கிருமியை முன்பின் அறியாமலே எதிர்க்கும், பிறவியில் அமைந்த உடற்காப்பு. சென்னையில் 1964-இலும், தமிழகம் நெடுக 2006-இலும் பரவிய சிக்குன்குனியா என்னும் வைரஸ் நோய், இது இயங்கும் விதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையை அடுத்த படப்பை, தாம்பரம் பக்கம் பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மூடாத தொட்டியிலும் தேங்கும் நல்ல தண்ணீரே இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகப் போதும். அது பகலில் கடிக்கும்.

கொசு துளைத்ததும் தோல் என்னும் முதல் தடை போயிற்று. வைரஸ் தோலின் நார்த்திசுச் செல்களில் புகுந்து தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அப்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 ஆகிய புரதங்கள் அடையாளம் கண்டு இன்டர்ஃபெரானைச் சுரக்கவைக்கின்றன. 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் விவரித்த இப்பொருள் வைரஸைத் தொடுவதே இல்லை. அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது, அவ்வளவுதான். அவை, வைரஸ் நுழைந்தால் புரதத் தயாரிப்பை நிறுத்தவும் ஆர்.என்.ஏ.வை நறுக்கவும் வல்ல நொதிகளைத் தயாராக வைத்துக்கொள்கின்றன. இயற்கைக் கொல்லி செல்களோ தொற்றுண்ட செல்லையே தீர்த்துக்கட்டும்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. அதன் என்.எஸ்.பி.2 புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுப் படியெடுப்பையே முடக்குகிறது. இந்த இழுபறியின் விலையைக் கொடுப்பவர் நோயாளிதான்: காய்ச்சல் பெருமளவு நம் செல்கள் சுரக்கும் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்களின் வேலை, மாதக்கணக்கில் நீளும் மூட்டுவலியில் அங்கே திரளும் பெருவிழுங்கிச் செல்களுக்கும் பங்குண்டு. இயல்புக் காப்பு முதிராத பச்சிளங்குழந்தைகளுக்கு நோய் கடுமையாகிறது.

இயல்புக் காப்பை அடுத்து, கிருமியை இனங்கண்டு எதிர்க்கும் தகவமை நோயெதிர்ப்பு வருகிறது: நோய் தொடங்கிய ஐந்தாம் நாள் வாக்கில் அதன் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படும். அதனால்தான் ஆய்வகங்கள் முதல் சில நாட்களுக்கு வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர்., பிறகு எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா என்று சோதனையைப் பிரித்துக்கொள்கின்றன.