நதிக்கரையில் ஓர் அரசு



ஓர் அரசுக்கு வேண்டியவை யாவை என்று வினவினால், நிலம், மக்கள், ஆட்சி, படை, கொடி, நாணயம் என அடுக்கிச் சொல்வோம். இவை யாவும் இருந்தும் உலக நாடுகளின் வரிசையில் இடம்பெறாத ஓர் அரசு கிழக்கு ஐரோப்பாவிலே இருக்கின்றது. மொல்டோவாவுக்கும் உக்ரேனுக்கும் இடையே, டினீஸ்டர் நதியோரமாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலமே அது. திரான்ஸ்னிஸ்திரியா என்பது அதன் பெயர். திராஸ்போல் அதன் தலைநகர்.

இப்பிரிவினையின் வேர் பழையது. 1924ஆம் ஆண்டிலே நதியின் கீழ்க்கரை சோவியத் உக்ரேனுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாயிற்று. மேற்குக்கரையோ ருமேனியாவின் வசம் இருந்தது. 1940இல் இரு கரைகளின் பகுதிகளும் ஒரே சோவியத் குடியரசாக இணைக்கப்பட்டன. நிலம் இணைந்தது, நினைவுகள் இணையவில்லை. 1989இல் மொல்டோவிய மொழி இலத்தீன் எழுத்திலே அரசமொழியானபோது, ருஷிய மொழி வழங்கிய கீழ்க்கரை அஞ்சியது. 1990 செப்டெம்பர் 2ஆம் நாள் அது தனிக்குடியரசாகத் தன்னைப் பிரகடனஞ் செய்தது. 1992இல் போர் மூண்டது. பெந்தேர் நகர வீதிகளிலே இரத்தம் சிந்திற்று. அவ்வாண்டு யூலை 21ஆம் நாள் போர் ஓய்ந்தது. ருஷியப் படையினர் அங்கேயே தங்கினர். ஆயினும் ருஷியா கூட இவ்வரசை அங்கீகரிக்கவில்லை.

மொல்டோவியர், ருஷியர், உக்ரேனியர் ஆகிய மூவினத்தாரும் அங்கு வாழ்கின்றனர். எவரும் பெரும்பான்மையினர் அல்லர். எனவே இனத்தைக் கொண்டு நாட்டுப்பற்றை வளர்க்க இயலாத அரசு, அடையாளங்களைக் கொண்டு வளர்க்க முற்பட்டது. கொடியிலே அரிவாளும் சுத்தியலும். பணத்தாளிலே தளபதி சுவோரோவின் முகம். 2014 முதல் வட்டமாகவும் சதுரமாகவும் பல கோணங்களாகவும் வார்த்த பிளாஸ்திக் நாணயங்கள். எல்லை கடந்தால் அந்நாணயம் வெறும் விளையாட்டுப் பொருளே.

கடவுச்சீட்டின் கதையும் அதுவே. உள்ளூர்ச் சீட்டைக் கொண்டு பிறநாடு செல்ல முடியாது. ஆதலால் பலர் மொல்டோவிய, ருஷிய அல்லது உக்ரேனியக் கடவுச்சீட்டையும் வைத்திருக்கின்றனர். திராஸ்போலின் ஷெரிப் உதைபந்தாட்டக் கழகம் 2021இல் மட்ரிட் நகரிலே றியல் மட்ரிட்டை வென்று உலகை வியக்கச் செய்தது. அதுவும் மொல்டோவாவின் சார்பிலேதான் ஆடிற்று.

இதனை இரட்டை வேடம் என்று இகழ்தல் எளிது. ஆனால் வாழ வேண்டியவனுக்கு வேறு வழி யாது? நோவு மிகுந்தது பாடசாலையிலேதான். தாய்மொழியை இலத்தீன் எழுத்திற் கற்பித்த பாடசாலைகளை 2004இல் அவ்வரசு மூடத் தலைப்பட்டது. தங்கள் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 2012இல் அந்நீதிமன்றம் ருஷியாவையே பொறுப்பாளியாக்கியது.

2025ஆம் ஆண்டின் முதல் நாளிலே ருஷிய எரிவாயு நின்றது. கடுங்குளிரிலே வீடுகள் வெப்பமும் வெந்நீரும் இழந்தன. கொடி பறந்தது, வீடு குளிர்ந்தது.

நேயர்களே, கொடியையும் நாணயத்தையும் ஓர் ஆணையாலே ஆக்கிவிடலாம். பற்றை அவ்வாறு ஆக்க முடியாது. வீட்டுக்கு வெப்பத்தையும், பிள்ளைக்குத் தன் எழுத்தையும், முதியோருக்கு ஓய்வூதியத்தையும் தரும் கையையே மனிதன் பற்றிக்கொள்கின்றான். நதியின் இரு கரையினருக்கும் இவ்வுண்மை பொதுவானது.