நலப் பயிற்றுவிப்பு (காயத்திற்குப் பின்)

காயமுற்றவர் மீண்டும் உடலியக்கத்துக்குத் திரும்ப, பயிற்சி பெற்ற ஒருவர் (பயிற்றுநர்) உரையாடல் வழியே துணைநிற்கும் முறை. இது பிசியோதெரபிக்கு மாற்று அன்று. அங்கே கற்ற பயிற்சிகளை அன்றாட வழக்கமாக்குவதே இதன் நோக்கம்.

தேவை: எலும்பு கூடிய பின்னும், மறுபடி அடிபடுமோ என்ற அச்சத்தால் சிலர் அசைவைத் தவிர்க்கின்றனர். அதனால் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, வலியும் நீடிக்கலாம்.

முறை: அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் இதில் பெரிதும் பயன்படுகிறது. இதன்படி பயிற்றுநர், “தினமும் நடங்கள்” என்று அறிவுறுத்தாமல், “கால் சரியானதும் முதலில் எங்கே போக ஆசை?” என்று கேட்பார். விடை ‘கடைத்தெரு’ என்றால், முதல் வார இலக்கு தெருமுனையாக அமையலாம். அதை முடிக்கும் நம்பிக்கைக்கு 0 முதல் 10 வரை காயமுற்றவரே மதிப்பெண் இடுவார். குறைவாக இருந்தால் இலக்கு சுருக்கப்படும்.

அளவு: எடுத்துக்காட்டாக, தண்டுவடக் காயமுற்ற பெரியவர்களின் உடல்தகுதிக்கு, வாரம் இருமுறை குறைந்தது 20 நிமிட மிதமான அல்லது தீவிர ஏரோபிக் பயிற்சியையும், இருமுறை தசைவலுப் பயிற்சியையும் 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி பரிந்துரைக்கிறது.

வரம்பு: புதிய வீக்கம், மரத்துப்போதல், கூடிவரும் வலி ஆகியவை தோன்றினால் பயிற்றுநர் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.