பித்தளை ரெக்கை டேபிள் ஃபேன்.. பழைய மாடலை அப்படியே புதுசா செய்ய முடியுமா? அம்பத்தூர் பட்டறை கணக்கு இதோ!

பழைய படங்களில் வக்கீல் மேஜை மேல ஒரு ஃபேன் சுத்துமே, கவனிச்சிருக்கீங்களா? பித்தளை ரெக்கை, பித்தளை கூண்டு, தூக்கவே முடியாத இரும்பு அடிப்பாகம். அமெரிக்காவின் ஸ்கைலர் வீலர் 1882-ல் உருவாக்கிய இரண்டு ரெக்கை மேஜை ஃபேன்தான் இந்த வகைக்கெல்லாம் முன்னோடி.

ஒரிஜினல் கிடைத்தாலும் உடனே பிளக்கில் சொருகிடாதீங்க. உள்ளே இருக்கும் துணி சுற்றிய ஒயர் தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கலாம். அந்தக் காலத்து ஃபேன்களில் சில டிசி கரண்ட்டுக்காக செய்யப்பட்டவை. அதனால்தான் வெளித்தோற்றம் பழசு, உள்ளே எல்லாம் புதுசு என்று செய்வது நல்லது.

எங்கே செய்யலாம்?

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி லேத், வார்ப்பு, பாலிஷ், பவுடர் கோட்டிங் என எல்லா வேலைக்கும் பட்டறை உண்டு. ஆனால் 'ஒரே ஒரு பீஸ்' என்றால் பல பட்டறைகள் தயங்கும். காரணம், உலோகத்தின் விலையை விட அச்சு செய்யும் செலவே அதிகம்.

பலரும் சறுக்குவது இந்த அச்சில்தான். பழைய ஃபேனின் பாகத்தையே மணலில் அழுத்தி வார்த்தால் போதும்னு நினைப்போம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமார் 1%, பித்தளை சுமார் 1.5%. அதாவது 300 மி.மீ. இரும்பு அடிப்பாகம் 3 மி.மீ. சின்னதாக வரும். லேத்தில் கடைந்து எடுப்பதற்கும் தனியாக சதை விடணும். அச்சு செய்பவர்கள் இதற்கென்றே தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். 3டி பிரின்டரில் அச்சு எடுப்பவர்கள் இந்தச் சுருக்கத்தை கணினியிலேயே கூட்டிக்கொள்ளலாம்.

மோட்டாருக்கு என்ன வழி?

ரோட்டரை வீட்டில் செய்வது நடக்காத காரியம். சாதாரண டேபிள் ஃபேனின் ஸ்டேட்டர், ரோட்டரை எடுத்து புது ஷெல்லுக்குள் வைப்பதே எளிது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு! முன் மூடி, பின் மூடி இரண்டின் புஷ் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் ரோட்டர் உரசும், சத்தம் வரும், காயில் எரியும். நல்ல லேத்காரர் அவசியம் என்பது இதுக்குத்தான்.

அடுத்தது ரெக்கை. பித்தளை கனம் என்பதால் வேகம் பிடிக்க நேரமாகும், அவ்வளவுதான். மோட்டாரை சூடாக்குவது பெரும்பாலும் ரெக்கையின் அகலமும் சாய்வும். அழகுக்காக அதிகம் சாய்த்தால் 50 வாட் மோட்டார் திணறும். எல்லா ரெக்கையும் ஒரே எடை இருக்கணும். தராசில் போட்டுப் பார்த்து, கூடுதலாக இருப்பதை அரத்தால் ராவி எடுங்க. பாலிஷ் போட்ட பிறகு லாக்கர் அடிக்காவிட்டால், குத்துவிளக்கு மாதிரி வாரா வாரம் புளி போட்டு தேய்க்க வேண்டியதுதான்!

ஷாக் அடிக்குமா?

உடம்பு முழுக்க உலோகம் என்பதால் மூணு பின் பிளக், எர்த் ஒயர் கட்டாயம். பழைய கூண்டுகளில் குழந்தையின் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். இந்த விஷயத்தில் மட்டும் ஒரிஜினலை காப்பி அடிக்காதீங்க, கம்பிகளை நெருக்கமாக வைங்க.

விற்கலாமா?

வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. குறிப்பாக சீலிங் ஃபேன். ஆகஸ்ட் 2023-ல் வந்த மத்திய அரசின் தரக்கட்டுப்பாட்டு உத்தரவுப்படி அதற்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சிறு, குறு நிறுவனங்களுக்கு அவகாசம் மட்டும்தான் கூடுதலாகக் கிடைத்தது. மீறினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது சட்டம்.