யந்திரத்துக்குள் எல்லைக்கோடு

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே புறப்பட்டு, அமரவிளைப் பாலத்தைக் கடந்து, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று வந்து களியக்காவிளையை எட்டுகிற பிரயாணி, கேரளம் எங்கே முடிந்தது என்பதைக் கடைப்பலகைகளின் எழுத்து மாறுவதைக் கொண்டு அறிவானேயொழிய, மரச்சீனித் தோட்டத்திலோ மனிதர் பேச்சிலோ அதற்கு அடையாளம் காணமாட்டான். 1956 நவம்பர் முதல் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றுபோன சரித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லப் புகுந்தது அந்தப் பெரிய சரித்திரம் அன்று. அந்தக் கோடு ரேடியோவுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் நுழைந்து செய்த சில்லறைக் குறும்புகளையும், அவற்றுக்குப் பரிகாரம் சொன்ன தூரதேசத்துச் சிநேகிதர்களையும் பற்றியே.

ரேடியோவிலிருந்து தொடங்குவதே முறை. 1943-இல் திருவனந்தபுரத்தில் சமஸ்தான அரசு தொடங்கிய ரேடியோ நிலையம் 1950-இல் ஆல் இந்தியா ரேடியோவின் கைக்கு மாறியது. திருநெல்வேலி நிலையம் வந்ததோ 1963-இல்தான். இடைப்பட்ட காலத்தில் தமிழ்ப் பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட எல்லையோரத்துத் தமிழனுக்கு, மலைக்கு அப்பால் இருந்த சென்னையைக் காட்டிலும் கடலுக்கு அப்பால் இருந்த கொழும்புதான் கிட்டத்தில் இருந்தது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்து, இன்னொரு கம்பியைக் கிணற்றடி ஈரமண்ணில் புதைத்து, இலங்கை வானொலியை வரவழைத்த வீடுகள் அந்நாளில் ஊருக்கு இரண்டோ மூன்றோ இருந்தன. வால்வு ஒன்று கெட்டால் ஆகாயமே மௌனமாகிவிடும். என் பெரியப்பா அப்படிப்பட்ட ஒரு சமயத்தில், ரேடியோப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே தெரிந்ததையெல்லாம் பென்சிலால் படம் வரைந்து, எந்த வால்வு ஒளிரவில்லையோ அதற்குமட்டும் ஒரு புள்ளடி போட்டு, பம்பாயில் உத்தியோகம் பார்த்த மருமகனுக்கு அனுப்பினார். மாதம் ஒன்று கழிந்து பஞ்சுக்குள் பொதிந்த வால்வு ஒன்று தபாலில் வந்தது. கூடவே, அவர் வரைந்த அதே படத்தில், இதைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தவும் என்று சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அவர் நிறுத்தினாரா என்பதில் குடும்பத்தில் இரண்டு அபிப்பிராயம் உண்டு.

டெலிவிஷன் காலம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்சன் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கிய பின் வந்த ஆண்டுகளில், எங்கள் ஓட்டுக்கூரை ஆன்டெனாக்களில் பாதி வடமேற்கே பார்க்க, மீதி இலங்கை ரூபவாகினியை நாடித் தென்கிழக்கேயும், மலை குறுக்கே நிற்பதைப் பொருட்படுத்தாமல் கொடைக்கானலை நாடி வடக்கேயும் பார்த்தன. கூரைமேல் ஒரு பையன், கீழே ஒரு மாமா. “செரியாச்சா மாமா?” “இல்லலே, கொறச்சு அங்கோட்டு!” இந்தச் சம்பாஷணை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஊர் முழுவதும் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கோளாறைக் கண்ணுக்கு எட்டாத ஒருவன் சொற்படி திருத்துகிற வித்தையில் எங்களுக்குக் கிடைத்த முதற்பாடம் அதுவே.

1995 ஆகஸ்டில் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இணையம் நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவின் பிரௌசிங் சென்டர்களுக்கு வந்து சேர்ந்தபோது, கோளாறு எழுத்தின் ரூபத்தில் வந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் தெரியும். கடைக்காரர் ஏற்றிவைத்திருந்த மலையாளமும் ஒருவாறு தெரியும். தமிழ் அறவே தெரியாது. தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும், தலையில் தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிவரியாக அணிவகுத்து நிற்கும். களியக்காவிளைக்குப் போனால் தமிழ் எழுத்துருக்கள் ஏற்றிய கம்ப்யூட்டர் கிடைக்கும் என்றார்கள். எல்லை தாண்டப் பஸ் ஏறித் தாய்மொழியை வாசித்துவிட்டுத் திரும்புவது எனக்கு மானக்கேடாகப் பட்டது. டொராண்டோவில் குடியேறியிருந்த யாழ்ப்பாணத்துச் சிநேகிதர் ஒருவரிடம், நேரில் ஒருநாளும் கண்டிராதவரிடம், என் சங்கடத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் மறுநாளே விரிவாகப் பதில் போட்டார். பதில் முழுவதும் தொப்பி வைத்த எழுத்துக்கள்! நோய்க்கு மருந்து சொன்ன கடிதத்துக்கே அந்த நோய் கண்டிருந்தது. பிறகு அவர் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி, இன்ன எழுத்துருவை இறக்கி ஏற்று, பிரௌசரின் எழுத்துமுறைப் பட்டியலில் பயனர் வகுத்தது என்பதைத் தேர்ந்தெடு என்று படிப்படியாகச் சொல்ல, மூன்றாம் நாள் மாலை திரையில் ஓர் ‘அ’ எழுந்தது. கடைக்காரர் தம் நாற்காலியை விட்டு வந்து அதைப் பார்த்துவிட்டு, “கொள்ளாமே!” என்றார்.

டொராண்டோ சிநேகிதர் ஏற்றச் சொன்னது திஸ்கி முறை எழுத்துரு. அதுவும் இப்படிப்பட்ட சிநேகிதத்தில் பிறந்ததுதான் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துமுறை வைத்துக்கொண்டு, ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் வாசிக்க முடியாதிருந்த 1990-களில், சுவிட்சர்லாந்தில் ரசாயன ஆராய்ச்சி செய்துவந்த கல்யாணசுந்தரம், மலேசியாவில் முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன் முதலியோர், ஒருவருக்கொருவர் மின்னஞ்சலிலேயே வாதித்து அந்தப் பொதுமுறையை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு இரண்டை ஏற்றுக்கொண்டது. எனவே சிநேகிதர் கடிதம் திஸ்கியிலும் தமிழக அரசின் பக்கம் டாபிலும் இருக்க, யூனிகோடு வந்து ஊன்றும் வரை எங்கள் பாடு திண்டாட்டமாகவே இருந்தது. மலையாளச் சிநேகிதர்களைப் பார்த்துப் பொறாமைப்படவும் வழியில்லை: சில்லெழுத்துக்கள் என்ற அவர்களுடைய தனிமெய்களுக்கு யூனிகோடில் தனி இடம் 2008-இல்தான் கிடைத்தது.

கைப்பேசியின் குறும்பு வேறு தினுசு. கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு இன்னொரு வட்டம் என்று கம்பெனிகளுக்கு உரிமம் பகிரப்பட்டிருந்தபடியால், பாறசாலையில் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவன் கைப்பேசி களியக்காவிளைப் பக்கத்து டவரைப் பிடித்துவிட்டால், அவன் ரோமிங்கில் பிரயாணம் செய்கிறவனாகக் கருதப்பட்டு, வந்த அழைப்பை எடுத்ததற்கும் காசு இழப்பான். சமையற்கட்டில் கேரளம், திண்ணையில் தமிழ்நாடு என்பது எங்கள் வீட்டில் வேடிக்கைப் பேச்சாக இருக்கவில்லை. மாதக் கணக்காகவே இருந்தது. இதற்கு வழி சொன்னவர் ஓமானில் புரைமி என்ற ஊரில் வேலை பார்த்த உதியன்குளங்கரைக்காரர். புரைமிக்கும் அமீரகத்து அல்ஐனுக்கும் இடையே எல்லைதான் உண்டு, இடைவெளி இல்லை. அங்கே டவர் மாறினால் தேசமே மாறிவிடும். “ஆட்டோமேட்டிக்கை எடுத்துக் களையுங்க, அண்ணாச்சி. நெட்வொர்க்கை நீங்களே கையால தேர்ந்தெடுங்க. மாசம் பாதிச் சம்பளம் போனப்புறம் படிச்ச பாடம் இது” என்று சாட்டில் எழுதினார். தந்திரம் பலித்தது. 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. மற்றக் கம்பெனிகளும் பின்னர் நீக்க, அந்தத் தந்திரமும் வழக்கொழிந்தது.

சென்ற மாதம் டொராண்டோ சிநேகிதரிடமிருந்து, சுத்தமான யூனிகோடுத் தமிழில், ஒரு கடிதம். பழம்பொருள் கடையில் வால்வு ரேடியோ ஒன்று வாங்கியிருக்கிறாராம். விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை. பின்பலகையைக் கழற்றிப் படமும் எடுத்து அனுப்பியிருந்தார். நான் அதைக் கைப்பேசியில் போட்டு எடுத்துக்கொண்டு, உதியன்குளங்கரையில் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் பழைய ரேடியோ மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கப் பழகவே சற்று நேரமாயிற்று, பிறகு ஒரு வால்வின்மேல் நகத்தை வைத்து, “இதுதான் சார். ஆனா கரன்டை நிறுத்தாம தொடவேண்டாம்னு சொல்லுங்க” என்றார்.